சென் லூயியில் சவரி அண்ணை பிடித்த ஒருசந்தி

இந்திய ஆமி எங்கள் ஊரைவிட்டுக் கப்பலேறிப் போன வருஷம் அது. அந்த வைகாசியில்தான், கனடாவுக்கென்று புறப்பட்ட நாங்கள் மூன்று பேர், ஏஜென்சிக்காரன் கைவிட்டதால், ஆபிரிக்காவில் செனகல் ஆற்றுக்கு நடுவே கிடக்கும் சென் லூயி என்ற பழைய பட்டினத்தில் நின்றோம். நான், குகன், சவரிமுத்து.

போன மாதம் சவரி அண்ணையின் மகள் றெஜினா அஜக்ஸிலிருந்து ரெலிபோன் எடுத்தாள். "அங்கிள், அப்பா விடிய மோசம் போயிட்டார்." செத்தவீடு முடிந்தபின் வந்து கேட்டாள்: "முப்பத்தொராம் நாள் நினைவு மலருக்கு நீங்கள்தான் சொல்லவேணும். அப்பாவோட ஒரே கோப்பையில சாப்பிட்ட ஆள் நீங்கள்." எனக்கு எழுத்து வராது. நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள்.

அந்த ஒரே கோப்பைக் கதை உங்களுக்கெல்லாம் தெரியும். நாங்கள் கனடா வந்து சேர்ந்தபின், ஸ்காபரோவில் எந்தக் கலியாண வீட்டிலும் என் தோளில் கைபோட்டு, "சென் லூயியில நானும் இவரும் ஒரே கோப்பையில சாப்பிட்டனாங்கள்" என்று அண்ணை சொல்லாமல் விட்டதில்லை. செத்தவீட்டிலும் சொன்னார்கள். வந்த சனம் என் கையைப் பிடித்துக் கண்கலங்கியது. அந்தக் கதை உண்மையில்லை.

சென் லூயியில் எங்களுக்கு இடம் தந்தவர் பின்தா என்ற அம்மா. ஆற்றைப் பார்த்த பழைய வீடு. மரப் பல்கனியில் நின்றால் நீளமான இரும்புப் பாலம் தெரியும். மத்தியானம் பாய் விரித்து, பரந்த கோப்பை ஒன்றில் மீனும் சோறும் நடுவில் வைப்பார். வீட்டாரும் விருந்தாளியும் சுற்றியிருந்து கைபோட்டுச் சாப்பிடுவது அவர்கள் வழக்கம். முதல் நாள் சவரி அண்ணை கைவைத்தார். நான் என் கையை எடுத்துவிட்டேன். ஊரில் அவருடைய சனத்தோடு எங்கள் ஆட்கள் ஒரு பந்தியில் இருப்பதில்லை. முன்பின் தெரியாத பின்தா அம்மாவின் கை பட்ட சோறு எனக்கு இறங்கும். இவர் கை பட்டது இறங்காது.

அண்ணை என்னைப் பார்த்தார். உடனே வானத்தைக் காட்டி, வயிற்றைத் தொட்டு, தனக்கு நோன்பு என்று அந்த அம்மாவுக்குச் சைகை செய்தார். ஐந்து நேரமும் தொழுகிற மனுசி. மரியாதையாகத் தலையசைத்தார்.

குகனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "தவக்காலம் முடிஞ்செல்லோ போச்சு, இப்ப என்ன ஒருசந்தி? பாதர் இஞ்சயும் வந்து நிக்கிறாரோ?"

"நேர்த்திக்கடனடா," என்று அண்ணை சிரித்தார்.

ஒன்பது நாள். நாங்கள் சாப்பிடும் நேரத்தில் அவர் பாலத்தடியில் மீன்பிடி வள்ளங்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார். பொழுதுபட, நோன்பு துறக்கவென்று பின்தா அம்மா கொடுக்கும் பாணும் பாலும்தான் அவருக்கு. ஒருநாள் தனிய நின்றபோது, "ஏன் இப்பிடிச் செய்யிறாய், சவரி?" என்று வெட்கமில்லாமல் கேட்டேன்.

"கடலில போறவனுக்கு ஒருநேரப் பட்டினி புதுசோ, அண்ணை? நீங்கள் சாப்பிடுங்கோ."

என்னை அண்ணை என்ற அவர், என்னைவிட மூன்று வயது மூத்தவர்.

இந்த இடத்தில் றெஜினா எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

"அப்ப, அப்பா சொன்னது பொய்யோ, அங்கிள்?"

"ஓம் பிள்ளை. என்ர மானத்தைக் காப்பாற்றச் சொன்ன பொய்."

"இதையும் மலரில போடவோ?"

"போடு. அவர் இருக்கேக்கயே நான் சொல்லியிருக்கவேணும்."

மன்னிப்புக் கேட்க முப்பது வருஷத்துக்கு மேல் இருந்தது. கேட்கவில்லை. அவரிடமிருந்து நான் வைத்திருப்பது ஒன்றுதான்: விரலில் ஒட்டிய நாலு சோற்றையும் வாயில் வைக்காமல், என்னை ஒரு சொல்லும் சொல்லாமல், பாயிலிருந்து அவர் எழும்பிய விதம்.

அந்தப் பாயில் இருந்த தமிழரில் குகன் பிறம்ரனில் கண்மூடிப் பத்து வருஷம். இப்போது சவரி அண்ணையும் இல்லை. இன்னும் உயிரோடு இருப்பது, கையை எடுத்த நான், கந்தையா தம்பிராசா.