சரிங்க அண்ணனும் ஜவுளிக்கடை லிஃப்டும்

அவர் லிஃப்ட் மெக்கானிக். கம்பெனியில் அவருக்கென்று ஒரு பெயர் எழுதி வைத்திருப்பார்கள். ஆனால் தெருவிலும் சபையிலும் சரிங்க அண்ணன் என்றால்தான் தெரியும். யார் எந்த வேலை சொன்னாலும் "சரிங்க" என்பார். அதைச் சொல்லும் விதத்திலேயே கேட்டவருக்கு மனசு குளிர்ந்துவிடும். அதோடு அந்த வேலையின் கதை முடிந்தது. அதற்காக அவரைச் சோம்பேறி என்று சொல்லிவிட முடியாது. காலை முதல் மாலை வரை ஓடிக்கொண்டேதான் இருப்பார். சொன்ன வேலையைத் தவிர மற்ற எல்லா வேலையையும் செய்வார்.

அந்தச் சொல்லைக் கேட்டால் மனசு குளிராத ஒரே ஆள் அவர் மனைவி. சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று அந்த அம்மாள் சொல்லி, இவர் "சரிம்மா" என்ற அன்று குழாய்க்கு அடியில் ஒரு வாளி வைத்தார்கள். அந்த வாளி இன்னும் அங்கேதான் இருக்கிறது. நடுவில் ஒருமுறை வாளி ஓட்டையாகி வேறு வாளி மாற்றினார்கள், அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட மனிதரிடம் போய், ஞாயிற்றுக்கிழமை ஜெபக் கூட்டத்தில் பைபிளில் வரும் யோனாவைப் பற்றிப் பேசச் சொன்னார் போதகர். கூட்டம் இவர் வீட்டு முன்னறையில்தான் நடக்கும்.

"கீழ்ப்படிதலைப் பத்தி நல்லா நாலு வார்த்தை சொல்லுங்கண்ணே."

"சரிங்க ஐயா."

சமையலறையில் அவர் மனைவி சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

அந்த வாரம் புதன்கிழமை, திரைச்சீலைத் துணி வாங்க வேண்டுமென்று மனைவி அவரைக் கடைத்தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனார். மூன்று மாடி ஜவுளிக்கடை. அண்ணன் வாசலோடு நின்றுவிட்டார். அந்தக் கடை லிஃப்டை ஒரு காலத்தில் அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒருநாள் கடை முதலாளி, கல்யாணத்துக்குத் துணி எடுக்க வந்த கூட்டத்துக்கு நடுவே, "உன் 'சரிங்க'வைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப் போச்சு. இனிமே இந்தப் பக்கம் வராதே!" என்று கத்தி அனுப்பிவிட்டு, வேறு கம்பெனியிடம் வேலையைக் கொடுத்துவிட்டார். முதலாளி சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. அதனால்தான் அண்ணனுக்கு அவ்வளவு கோபம்.

வாசலில் நின்றாலும் காது சும்மா இருக்குமா? லிஃப்ட் இறங்கி வந்தது. நிற்கும்போது ஒரு கிறீச். நின்றது தரைமட்டத்தில் இல்லை, ஒரு விரல் தாழ. நாலைந்து பேர் ஏறியதும் இன்னும் கொஞ்சம் தாழ்ந்தது. அண்ணனுக்கு உடனே புரிந்தது. பிரேக் தேய்ந்துவிட்டது. இன்று நழுவுவது விரல் அளவு. ஒருநாள் கூட்டமாக ஆட்களை ஏற்றிக்கொண்டு மேலே போகும்போது மொத்தமாக நழுவும்.

வீட்டுக்கு வரும் வழியில் மனைவியிடம் சொன்னார்.

"போய்ச் சொல்லுங்க அவர்கிட்ட."

"அந்த ஆளுகிட்டயா? சொன்னா உடனே சரி பண்ணிட்டு, 'பார்த்தியா என் கடை'ன்னு மார்தட்டுவான். பட்டாத்தான் புத்தி வரும்."

"படப்போறது அவர் இல்லீங்க. லிஃப்டுல போறவங்க. நாளைக்குக் காலையில முதல் வேலையா போய்ச் சொல்லுங்க."

"சரிம்மா."

மறுநாள் காலையில் அண்ணன் பஸ் ஏறினார். கடைத்தெருப் பஸ் இல்லை, அதற்கு நேர் எதிர்த் திசையில் போகும் பஸ். ஊரின் மறுகோடியில் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடம்; ஆறு மாதமாக அங்கிருந்து புகார் வந்துகொண்டிருந்தது. ஆறு மாதம் போகாதவருக்கு அன்றைக்குத்தான் அந்த வேலை அவசரமாகப் பட்டது.

கருவிப் பையை வாசல் காவலாளியின் நாற்காலி அருகே வைத்துவிட்டு, என்ன கோளாறு என்று பார்ப்பதற்காக லிஃப்டில் ஏறினார். இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் அது நின்றுவிட்டது. விளக்கும் அணைந்தது. கதவு இணைப்பில் ஒரு கம்பியைச் சுற்றி, "இப்போதைக்கு இது போதும், அடுத்த வாரம் மாத்திடலாம்" என்று போன வருடம் சொல்லிவிட்டுப் போனவர் அண்ணனேதான். ஆபத்து மணியை அழுத்தினார். சத்தமில்லை. பிள்ளைகள் விளையாட்டாக அழுத்துகிறார்கள் என்று யாரோ சொன்னதால் அதன் கம்பியைக் கழற்றிப் போட்டவரும் அவர்தான். கைபேசியில் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை.

கதவைத் தட்டினார். மேலே ஒரு பெரியவரின் குரல் கேட்டது.

"யாருப்பா உள்ளே?"

"நான் மெக்கானிக்குங்க!"

"அப்பாடா! மெக்கானிக் வந்தாச்சா? நிதானமா பாருங்க தம்பி, அவசரமே இல்லை." செருப்புச் சத்தம் தூரமாகப் போய்விட்டது.

கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு அம்மாள் விஷயம் புரிந்து கம்பெனிக்குப் போன் போட்டார். அந்தப் பேச்சு உள்ளே நன்றாகக் கேட்டது. "மெக்கானிக்கை அனுப்பியாச்சா? சரி, சரி." பிறகு கதவருகே வந்து, "கவலைப்படாதீங்க, மெக்கானிக் கிளம்பிட்டாராம்" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார்.

கடைசியில் காவலாளி வந்தான். அண்ணன் கதவு இடுக்கில் வாயை வைத்து, பாடம் நடத்துவதுபோல் ஒவ்வொன்றாகச் சொன்னார். மொட்டை மாடி அறைக்குப் போக வேண்டும். முதலில் மெயின் சுவிட்சை அணைக்க வேண்டும். பிறகு பிரேக் பிடியை ஒரு கையால் தளர்த்திக்கொண்டு, இன்னொரு கையால் பெரிய சக்கரத்தை மெதுவாகச் சுற்ற வேண்டும்.

"புரிஞ்சுதாப்பா?"

"சரிங்க!"

எவ்வளவு பணிவு, எவ்வளவு இனிமை. அண்ணனுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. காத்திருந்தார். சக்கரம் சுற்றவில்லை. இன்னும் காத்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. கீழே தெருவில் இருந்து காவலாளியின் குரல் கேட்டது. "ஒரு டீ. சக்கரை தூக்கலா."

அந்த இருட்டில் அண்ணன் முதலில் காவலாளியைத் திட்டினார். அவன் பரம்பரையையும் சேர்த்துத் திட்டினார். திட்டுவதற்கு ஆள் தீர்ந்தபின் தரையில் உட்கார்ந்தார். முப்பது வருடமாகத் தான் சொல்லிவந்த சொல், கேட்கிறவர் பக்கம் இருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. ஜவுளிக்கடை லிஃப்டுக்குள் இதேபோல இருட்டில் ஆட்கள் நிற்பதையும், அது நிற்காமல் இறங்குவதையும் நினைத்தார். "ஆண்டவரே, என்னை வெளியே விடும். நேரா அங்கதான் போவேன்" என்றார். கூடவே 'சரிங்க' என்று சேர்க்க வாய் வந்தது. சேர்க்கவில்லை.

டீ குடித்த தெம்பில் காவலாளி மாடி ஏறிச் சக்கரத்தைச் சுற்றினான். கதவு திறந்தபோது மத்தியானம் ஆகியிருந்தது. கிரீஸும் வியர்வையும் ஒட்டடையுமாக அண்ணன் வெளியே வந்து விழுந்த கோலத்தைப் பார்த்து அந்தப் பெரியவர் ஓரடி பின்னால் போனார்.

அதே கோலத்தில் ஜவுளிக்கடைக்குள் நுழைந்தார். முதலாளி கல்லாவில் இருந்தார்.

"லிஃப்டை நிறுத்துங்க. பிரேக் போயிடுச்சு. இப்பவே நிறுத்துங்க."

இதைவிடச் சுருக்கமாக யாரும் பிரசங்கம் செய்திருக்க முடியாது. வாங்கிக்கட்டிக்கொள்ளத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டார். முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எழுந்து நின்று, கடை அதிர, "லிஃப்டை நிறுத்துடா! யாரும் ஏறக் கூடாது!" என்று கத்தினார். அடுத்த நிமிடம் எல்லாரும் படியில். கடைப் பெண்கள் துணிக்கட்டோடு படியில். நாலு பேர் சுமக்கும் எடை கொண்ட முதலாளியும் மூச்சு வாங்கிக்கொண்டு படியில். மூன்றாம் மாடிக்குப் போக வேண்டிய, சேலை கட்டிக் காட்டும் பொம்மைகளைக்கூடத் தோளில் போட்டுப் படி வழியாகவே தூக்கிக்கொண்டு போனார்கள்.

நியாயமாக அண்ணன் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவரோ எதிரே ஜூஸ் கடைக் குடை நிழலில் போய் உட்கார்ந்துகொண்டு, என்ன ஆகிறது என்று பார்த்தார். அந்தப் புது கம்பெனி ஆட்கள் வந்தார்கள். பிரேக்கை மாற்றிவிட்டுப் போனார்கள். ஒன்றுமே ஆகவில்லை. வெளியே வந்த ஒரு பெண், "முதலாளிக்கு நம்ம மேல எவ்வளவு அக்கறை பாரு!" என்று சொல்லிக்கொண்டு போனது காதில் விழுந்தது. அந்த நேரம் பார்த்து ஜூஸ் கடைக்காரர் குடையை மடக்கினார். வெயில் மண்டையில் இறங்கியது.

"ஏம்ப்பா, மனுஷன் உட்கார்ந்திருக்கறது தெரியலையா? அருமையான குடையை மடக்கிட்டியே!" என்று அண்ணன் சண்டைக்குப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் பொரிந்து தள்ளினார். மனைவி கேட்டுவிட்டு, "ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகலையேன்னு வருத்தப்படுற ஆளை இன்னிக்குத்தான் பார்க்கறேன்" என்றார். வெள்ளிக்கிழமை அந்த அம்மாளே வந்து, "கடைக்காரர் உங்களை ஒரு நடை வரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கார்" என்றார். "சரி" என்றார் அண்ணன். போகவில்லை. கூப்பிட்டதும் ஓடுவதற்குத் தான் என்ன ஏமாளியா?

ஞாயிறு மாலை முன்னறை நிறைந்திருந்தது. அண்ணன் பேச எழுந்த நேரத்தில் வாசலை அடைத்துக்கொண்டு ஜவுளிக்கடை முதலாளி நின்றார். அண்ணனின் மனைவி முன்வரிசையில் நாற்காலி போட்டார். அண்ணன் அவரைப் பார்க்காமல் பைபிளைத் திறந்தார். எப்படியோ ஆரம்பித்தார். நினிவே ஊரை எச்சரிக்கச் சொல்லிக் கடவுள் யோனாவை அனுப்பியது, அவர் வேறு பக்கம் கப்பல் ஏறியது, மீன் விழுங்கியது. மீன் வயிற்று இருட்டைப் பற்றிச் சொல்லும்போது அவர் குரலே மாறிவிட்டது. ஊர் திருந்தியதும் யோனா கோபித்துக்கொண்டு வெளியே போய் உட்கார்ந்ததையும், நிழல் கொடுத்த செடி வாடியதற்குப் புலம்பியதையும் சொல்லி முடித்தார்.

முதலாளி கை தூக்கினார். அவர் வேதம் படித்தவர் இல்லை.

"ஒரு சந்தேகம். அந்த ஊர்க்காரங்க யோனாவுக்கு நன்றி சொன்னாங்களா?"

"அப்படி எழுதலைங்க."

"தப்பாச்சே அது!"

அண்ணன் தரையைப் பார்த்தார். "அவர் எங்க நின்னாருங்க? சொன்ன கையோட வெளியே போய் உட்கார்ந்துட்டாரே."

"அதான் நானே வந்தேன்" என்றார் முதலாளி. "கம்பெனிக்காரங்க சரி பண்ணிட்டோம்னு சொல்றாங்க. எனக்கு நம்பிக்கை வரலை. போன மாசமும் அவங்க நல்லாயிருக்குன்னுதான் சொன்னாங்க. நீங்க வந்து பார்த்துச் சொன்னாத்தான் ஆளை ஏத்துவேன். வியாழக்கிழமையில இருந்து என் பிள்ளைங்க மூட்டையைத் தூக்கிட்டுப் படி ஏறுதுங்க. ஒரு பொண்ணுக்குக் கால் வீங்கிடுச்சு. உங்களுக்கு ஆள் அனுப்பினேன். சரின்னீங்களாம்."

அண்ணனுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. தான் வீம்பு பிடித்து வீட்டில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம், அந்தப் பெண்கள் படி ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்காவது வருவீங்களா?" என்றார் முதலாளி.

அண்ணன் வாய் திறந்தார். பழகிய சொல் நுனி நாக்கு வரை வந்துவிட்டது. எல்லாரும் அதற்காகத்தான் காத்திருந்தார்கள். அவர் அதை விழுங்கிவிட்டு, மூலையில் கிடந்த கருவிப் பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

"இப்பவா? இன்னும் முடிவு ஜெபம் இருக்கேண்ணே" என்றார் போதகர்.

"நீங்க பண்ணுங்க ஐயா. நான் போய்ட்டு வந்துடறேன்."

கடையில் எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்து, காது வைத்துக் கேட்டு, முதல் ஆளாகத் தானே ஏறினார். முதலாளி பின்னால் ஏறி, அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"மீன் வயித்துல அந்த மனுஷனுக்குப் பயமா இருந்திருக்குமா?"

"ரொம்பப் பயமா இருந்துச்சுங்க" என்றார் அண்ணன்.

லிஃப்ட் மூன்றாம் மாடியில் தரையோடு தரையாக நின்றது.

வீடு திரும்பியவர் பையைத் தோளிலிருந்து இறக்கவில்லை. நேராகச் சமையலறைக்குப் போய், குழாய்க்கு அடியில் இருந்த வாளியை எடுத்து வெளியே வைத்தார்.