அருவியாற்றங்கரையில் ஒரு குசினி

அரிப்புக் கோட்டையின் இடிந்த சுவர்களைப் பார்த்துவிட்டு, நானும் மனைவியும் அருவியாற்றங்கரைக்கு வருகிறோம். எங்களுடையது கட்டிலும் அடுப்பும் உள்ளேயே பொருத்திய வாடகை வான் வண்டி. இப்படியான வான்கள் நின்று தங்குவதற்கென்றே கரையோரம் கம்பிவேலி அடித்து ஓர் இடம் வைத்திருக்கிறார்கள்.

வாசலுக்குச் சற்று முன்னால் வயதான பெண் ஒருவர் கைகாட்டி மறிக்கிறார்.

"தம்பி, என்னையும் உள்ளுக்கு ஏத்திக்கொண்டு போறீங்களோ? தனிய வந்தால் காவல்காரன் விடுறானில்லை. இது எங்கட காணி. சண்டைக்குப் பயந்து ஓடிப்போய்த் திரும்பி வந்து பாத்தால், வேலி அடைச்சுப்போட்டாங்கள்."

ஏற்றிக்கொள்கிறோம். காவலாளி அவருக்கும் சேர்த்துச் சல்யூட் அடிக்கிறான்.

எங்களுக்கு ஒதுக்கிய இடத்தில் வான் நிற்கிறது. அவர் இறங்கி, புல்லைக் காலால் விலக்குகிறார். பழைய சீமெந்துத் தரை ஒரு துண்டு தெரிகிறது.

"இதுதான் எங்கட குசினி. இதில இருந்துதான் சமைப்பன்."

மனைவி அவசரமாகத் தேநீர் போட்டு நீட்டுகிறாள்.

"என்ர வீட்டில எனக்கு நீங்கள் தேத்தண்ணி தாறீங்கள், என்ன பிள்ளை?" என்று சிரிக்கிறார். வாங்கிக்கொள்கிறார், குடிக்கவில்லை.

பொழுது சாயும்போது காவலாளி வந்து, தங்குவதற்குப் பதியாதவர்கள் வெளியே போகவேண்டும் என்கிறான். அவருக்காகப் பேச நான் வாயெடுக்கிறேன். அவர் கையைக் காட்டித் தடுக்கிறார்.

"நான் போறன். நீங்கள் இருங்கோ. ஆத்துப் பக்கத்து யன்னலைச் சாத்திப்போட்டுப் படுங்கோ, நுளம்பு வந்து கடிக்கும்."

அவர் வேலியைத் தாண்டிப் போகிறார். நாங்கள் யன்னலைச் சாத்திக்கொண்டு அங்கேயே படுக்கிறோம்.