தம்பி திருப்பித் தந்த ஆம்ப்ளிஃபையர்

தையற்கடைக்காரிக்கு ஆம்ப்ளிஃபையரைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பவர்கள், அவள் கணவரோடு குடித்தனம் நடத்திப் பார்க்காதவர்கள். அவர் கடிகாரம் பழுது பார்ப்பவர். ஆசைப்பட்டு இரண்டு ஸ்பீக்கர்கள் வாங்கினார். ஆளுயரக் கதவு மாதிரி நிற்கும். உள்ளே கூம்பு கிடையாது, மின்னேற்றிய மெல்லிய படலம்தான் அதிர்ந்து பாடும். அவற்றுக்கு மாப்பிள்ளை முறுக்கு அதிகம். ஒரு புது ஆம்ப்ளிஃபையர் சூடேறி அணைந்தது, இன்னொன்று புகைந்தே போனது. கடைசியில் கண்ணாடிக் குழாய் மாதிரி வால்வு வைத்த பழைய ஒன்றுக்குத்தான் இணங்கி வந்தன. எங்கெங்கோ அலைந்து அதைக் கொண்டுவந்தவன் அவளுடைய தம்பி, எலக்ட்ரீஷியன்.

பக்கவாதத்தில் கணவருக்குப் பேச்சு போயிற்று. பாட்டுக் கேட்பது மட்டும் மிச்சம். புல்லாங்குழல் உச்சிக்கு ஏறும்போது இடது கை விரல் போர்வையில் தட்டும். அதை வைத்துத்தான் ஆள் இன்று எப்படி என்று அவள் கணிப்பாள். தூக்கிக் குளிப்பாட்ட மட்டும் தம்பி வந்து கைகொடுப்பான்.

வால்வு சோர்ந்துவிட்டது, விட்டால் ஸ்பீக்கரும் போய்விடும் என்று பயமுறுத்தித் தம்பி ஆம்ப்ளிஃபையரை எடுத்துப்போனான். துடைத்துப் பளபளவென்று திருப்பிக் கொண்டுவந்தான். அவளும் உட்காரவைத்துச் சாப்பாடு போட்டாள்.

அன்று விரல் அசையவில்லை. மறுநாள் அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். உடம்புக்குத்தான் ஏதோ என்று டாக்டரை வரவழைத்தாள். வந்தவர் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

தூசி தட்ட ஆம்ப்ளிஃபையரைத் தூக்கியபோது விஷயம் புரிந்தது. தினமும் ஓர் ஆம்பிளையைப் புரட்டிப் படுக்கவைக்கிற கைக்கு எடை தெரியாதா? முன்பு மூச்சுப்பிடித்துத் தூக்குவாள், இப்போது கூடை மாதிரி வந்தது. மூடியைக் கழற்றினாள். கனத்த பழைய ட்ரான்ஸ்ஃபார்மர்கள் இருந்த இடத்தில் பொடிசாக இரண்டு புதுசு. அதற்கு உயிரே அந்த ட்ரான்ஸ்ஃபார்மர்தான் என்று கணவர் வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறார்.

தம்பி வீட்டு வாசலிலேயே புல்லாங்குழல் கேட்டது, சுருதிசுத்தமாக. அவனும் அதே மாதிரி ஸ்பீக்கர் வாங்கியிருந்தான். தன் ஆம்ப்ளிஃபையர் அதற்குத் தாங்கவில்லை, அதனால் அந்த ட்ரான்ஸ்ஃபார்மர்களை எடுத்து அதில் பொருத்திக்கொண்டேன் என்று மழுப்பாமல் ஒப்புக்கொண்டான்.

“அத்தானுக்கு இனிமே எது ஓடினா என்னக்கா? அவருக்கு என்ன தெரியப் போகுது?”

“தெரிஞ்சுதான்டா சுவத்தப் பாத்துப் படுத்திருக்காரு. கழட்டு.”

நாளைக்குக் கொண்டுவந்து தானே பொருத்தித் தருவதாகச் சொன்னான். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சூடு ஆறும் வரை காத்திருந்து, கழற்றிய ட்ரான்ஸ்ஃபார்மர்களைப் பையில் வாங்கிக்கொண்டாள். அத்தானைக் குளிப்பாட்ட இனி யாரைக் கூப்பிடுவாய் என்றான்.

“உன்னைத் தவிர யாரையாவது.”

கடைத்தெரு ரேடியோ மெக்கானிக் வந்து பொருத்தினார். குழல் ஏறியதும் விரல் தட்டியது. பாட்டு முடிந்தபின் கணவரின் கண் வாசற்பக்கம் போய் நின்றது, மச்சான் எங்கே என்று.

“அவனுக்கு வெளியூர்ல வேலையாம், வர நாளாகும்” என்று சொல்லிவிட்டு, வெந்நீர் வைக்க எழுந்து போனாள்.