பகலில் வீட்டில் ஆண்கள் இல்லை

இரண்டு வருடங்களுக்கு முன்பு, கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் இருக்கும்போது நடந்தது இது. தங்கவயலில், சாம்பியன் ரீப்ஸில் இருக்கும் எங்கள் வீட்டில், பட்டப்பகல் பதினோரு மணிக்கு.

மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கத் தொடங்கியிருந்தேன். கணவருக்கு பெங்களூரில் வேலை. விடியற்காலை ரயிலைப் பிடித்தால் திரும்பி வர ராத்திரி எட்டரை ஆகிவிடும். பண்டிகை சீசனில் நாலு ஆர்டர் கூடுதலாக வரட்டுமே என்று நானே ஒரு நோட்டீஸ் எழுதி, ஜெராக்ஸ் எடுத்து, ராபர்ட்சன்பேட்டை கடைகளில் ஒட்டினேன். வாட்ஸ்அப் குரூப்புகளிலும் போட்டேன். என் பெயர், போன் நம்பர், வீட்டு நம்பர், சர்ச்சிலிருந்து எந்தப் பக்கம் திரும்பி வர வேண்டும் என்ற வழி, எல்லாம் அதில் இருந்தது. கடைசியில் ஒரு வரி: "பகலில் வீட்டில் ஆண்கள் இல்லை. பெண்கள் தயங்காமல் வரலாம்." அளவு கொடுக்கக் கூச்சப்படுகிற பெண்களுக்காக யோசித்து யோசித்துச் சேர்த்த வரி. அதை எழுதிவிட்டு என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன் என்றால் பாருங்கள்!

கணவர் படித்துவிட்டு, "வீட்டு நம்பர் போட்டே ஆவணுமா?" என்று மட்டும் கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "அட்ரஸ் இல்லாம ஆகாசத்துலயா வந்து அளவு கொடுப்பாங்க? நீங்க ரயிலுக்குக் கிளம்புங்க" என்று விரட்டிவிட்டேன்.

ஆர்டர் வந்தது. கூடவே தொல்லையும் வந்தது. முதலில் பேசாமல் வைத்துவிடுகிற அழைப்புகள். அப்புறம் ரோஜாப்பூ போட்ட குட்மார்னிங். ஒரு நாள் ஓர் ஆண் குரல், "மேடம், சார் ரயில் ஏறிட்டாரா?" என்று கேட்டது. இவனுக்கு எப்படித் தெரியும் என்று யோசித்தேன். எங்கள் ஊரில் பாதிப் பேர் பெங்களூர் ரயிலில்தான் வேலைக்குப் போகிறார்கள், ஊகித்திருப்பான். பிளாக் செய்தேன். மறுநாள் வேறு நம்பரிலிருந்து அதே குரல். போனை அணைத்து வைக்கவும் வழியில்லை. ஆர்டருக்கும் மகளின் பள்ளிக்கும் அந்த ஒரே நம்பர்தான். கணவரிடம் சொன்னால் தையலே வேண்டாம் என்பாரோ என்று வாயை மூடிக்கொண்டேன்.

அந்த வியாழக்கிழமை பக்கத்தில் இருக்கும் நந்திதுர்க்கிலிருந்து ஒரு பெண் முதல் முறையாக வந்திருந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். தாழ்ப்பாள் போட்டுவிட்டு அவளுக்குத் தோள் அளவு எடுத்துக்கொண்டிருந்தேன். கதவு தட்டும் சத்தம். கதவை ஒட்டிய ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நாற்பது வயது ஆள், மடிப்புக் கலையாத சட்டை, கையில் துணிப்பை.

"ஒய்ஃபுக்கு பிளவுஸ் தைக்கணும் மேடம்."

அதே குரல்! அவன் பை தட்டையாகத் தொங்கியது, உள்ளே ஒன்றுமே இல்லை. "அளவு ஜாக்கெட் இருக்கா?" என்று எப்படியோ கேட்டுவிட்டேன். "கதவைத் திறங்க, உள்ள வந்து சொல்றேன்" என்றபடி கதவில் கை வைத்து அழுத்தினான். அந்தத் தாழ்ப்பாள் என் மகள் இழுத்தாலே ஆடும். பக்கத்து வீட்டுக்காரர்களோ பூட்டிக்கொண்டு வெளியூர் போயிருந்தார்கள்.

என் முகத்தைப் பார்த்தே அந்தப் பெண்ணுக்கு விஷயம் புரிந்திருக்க வேண்டும். துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு ஜன்னலுக்கு வந்தாள்.

"இன்னா சார் வேணும்? எங்க அண்ணன் நைட் ஷிப்ட் முடிச்சுட்டு உள்ள தூங்கினு இருக்காரு. கதவை ஆட்டாதீங்க."

அவன் அசையவில்லை. சிரித்தான். "நோட்டீஸ்ல ஆம்பளைங்க இல்லன்னு போட்டிருக்கே?"

நான் எழுதிய வரி. அதை அவன் வாயால் கேட்டபோது என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

அவள் விடவில்லை. "அது பழைய நோட்டீஸ். இப்ப ஷிப்ட் மாறிடுச்சு" என்றாள், அசராமல். பிறகு உள்ளறைப் பக்கம் திரும்பி, "அண்ணா! எழுந்து வாங்க, யாரோ உங்களைப் பாக்கணுமாம்!" என்று கத்தினாள்.

உள்ளறையில் ஈ காக்கா கூட இல்லை. அப்போதுதான் என் புத்தியும் வேலை செய்தது. உள்ளே ஓடி இரும்புக் கட்டிலைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். சிமென்ட் தரையில் அது போட்ட சத்தம் தெருவுக்கே கேட்டிருக்கும். ஆண் குரலில் இருமியும் பார்த்தேன், தொண்டையில் வெறும் காற்றுதான் வந்தது. அதற்குள் வெளியே பைக் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். அவள் தண்ணீர் கொடுத்தாள். என் போனை வாங்கிக் கணவரைக் கூப்பிட்டாள். அவர் வரும்வரை நகரவில்லை. அவளுக்கு அண்ணனே கிடையாதாம், வீட்டுக்கு ஒரே பெண்ணாம். அதைக் கேட்டு அழுகைக்கு நடுவிலும் சிரித்துவிட்டேன்.

கிடைத்த பஸ்ஸைப் பிடித்து மூன்று மணிக்குள் கணவர் வந்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். "என்கிட்ட சொல்லாம இருந்துட்டியே" என்றார், அவ்வளவுதான். நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய் அந்த நம்பர்களைக் கொடுக்கலாம் என்று கிளம்பினோம்.

வாசல் தாண்டும்போது அந்தப் பெண் தயங்கி நின்றாள். தைத்து முடித்த ஜாக்கெட்டுகளை ஜன்னல் ஓரக் கயிற்றில்தான் மாட்டியிருப்பேன். ஒவ்வொன்றிலும் குண்டூசி குத்திய ஒரு சீட்டு. பெயர், போன் நம்பர், வீடு. மாறிப்போகக் கூடாதே என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன்.

"அக்கா, என் நம்பரை மட்டும் அதுல எழுதாதீங்க" என்றாள் மெதுவாக.

அவன் நின்ற ஜன்னல் அது. முப்பது பெண்களின் நம்பர் அவன் கண்ணெதிரே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது!

ஸ்டேஷனில் அவன் நம்பர்களைக் கொடுத்துவிட்டு வந்து, அன்று மாலையே அந்த முப்பது பேரில் ஒவ்வொருவருக்கும் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். இரண்டு பேர் தைக்கக் கொடுத்த துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் மேல் தப்பே இல்லை. நோட்டீஸையெல்லாம் நானும் கணவருமாகத் தேடித் தேடிக் கிழித்தோம். தையலுக்கென்று தனி சிம் வாங்கினேன். தெரிந்தவர்கள் சொல்லி வருகிறவர்களுக்கு மட்டும்தான் இப்போது விலாசம் தருகிறேன். அந்தக் குரல் அதற்குப் பிறகு வரவில்லை.

என் விலாசத்தை ஊரெல்லாம் ஒட்டியது என் முட்டாள்தனம், அதற்கு நான் நடுங்கியதும் நியாயம்தான். ஆனால் என்னை நம்பி வந்த பெண்களின் விலாசத்தை ஜன்னலில் தொங்கவிட எனக்கு யார் உரிமை கொடுத்தது என்று, இப்போது பெயரும் போன் நம்பரும் இல்லாமல் வெறும் வரிசை எண் எழுதிய சீட்டை ஒவ்வொரு முறை குத்தும்போதும் என்னை நானே கேட்டுக்கொள்கிறேன்.