ஒரே அடுப்புக் குடும்பம்

ஒரே அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள்தான் ஒரு குடும்பம். ஊர்விட்டு ஊர் வந்தவர்களைப் பற்றிய ஆராய்ச்சிக்காக அடையாறு ஆபீசில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது. இந்த ஊரில் பாதிப் பேருக்கு உடம்பு இங்கே, உயிர் சொந்த ஊரில். அவர்களை ஒரு அடுப்புக்குள் அடைக்கச் சொன்ன புண்ணியவானை நான் திட்டாத நாளில்லை.

போன ஆடித் தள்ளுபடி முடிந்த கையோடு, தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றின் மேல்மாடியில் அங்கே வேலை பார்க்கும் பெண்கள் தங்கும் விடுதிக்குக் கணக்கெடுக்கப் போனேன். ஜன்னல் முழுக்கக் கம்பி வலை. வாசலை அடைத்து நாற்காலி போட்டு வார்டன் அம்மா உட்கார்ந்திருந்தார். காற்றே இல்லை. நுழைந்ததுமே எப்போது வெளியே விடுவார்கள் என்றிருந்தது எனக்கு.

பட்டுச்சேலைப் பிரிவில் நிற்கும் பெண் ஒருத்தி என் எதிரே உட்கார்ந்தாள். சங்கரன்கோவில் பக்கம். புருஷன் இல்லை. சின்ன மகள் ஊரில் பாட்டியிடம் வளர்கிறாள். காலையில் மகளுக்கு இட்லியா தோசையா என்பதைக்கூட இங்கிருந்து போனில் இவள்தான் சொல்கிறாள். ஆனால் அடுப்பு வேறு. ‘உடன் வசிக்கும் பிள்ளைகள்’ என்ற இடத்தில், டேப்லெட்டில் பூஜ்யம் தட்டினேன். எட்டிப் பார்த்துவிட்டாள்.

“என்னக்கா, சைபர் போடுதிய? எனக்குத்தான் புள்ள இருக்காள்லா?”

“கூட இருந்தாத்தான்மா போட முடியும்.”

“எங்கூடத்தான் இருக்கா. அழிச்சிட்டு ஒண்ணு போடுங்க.”

எனக்கும் அந்த அடுப்பு விதிமேல் ஆத்திரம்தான். ஒன்று போட்டேன். குழந்தை நேற்றிரவு இங்கேதான் தூங்கியதா என்று கேட்டது பாழாய்ப்போன டேப்லெட். ஆம் என்று சொல்லாமல் மேலே நகராது. அதை நான் வாய்விட்டுப் படித்துத் தொலைத்தேன்.

வார்டன் நிமிர்ந்தார். “குழந்தையா? இங்கயா? யாரு கொண்டாந்து வெச்சிருக்கறது?”

விடுதியில் குழந்தையைத் தங்கவைத்தால் அன்றைக்கே வேலை போய்விடும். அவள் பதறி எழுந்தாள்.

“ஊர்லதாம்மா இருக்கா. இங்க யாருமில்ல,” என்றாள் வார்டனிடம். பிறகு என் பக்கம் குனிந்தாள். “சைபரே இருக்கட்டும்க்கா.”

போட்டேன். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே போட வேண்டியிருந்ததுதான் கொடுமை. அடுத்த கேள்வியையும் கேட்டேன். எதற்காகச் சென்னைக்கு வந்தாய்?

“அவளுக்காகத்தான்க்கா,” என்றாள்.