நடுவானில் விட்டுப் போனவர்

மருதமுனையில் எங்கள் வளவுக்கு அடுத்த வளவில் என் மாமியின் மகள் இருந்தாள். எனக்கு மச்சி முறை, என்னைவிடக் கொஞ்சம் மூத்தவள். அவளைக் கட்டிய மாப்பிள்ளை தறியில் நெய்த சாரன்களைக் கொழும்புக்குக் கொண்டுபோய் விற்பவர். ஒருமுறை போய் வரும்போது ஒரு ரேடியோப் பெட்டியை வாங்கி வந்தார். அந்தக் காலம் எங்கள் தெருவுக்கு மின்சாரம் வரவில்லை. கார் பற்றரி ஒன்றைப் பெட்டியோடு கொளுவித்தான் கேட்க வேண்டும். பற்றரி இறங்கினால் அதைச் சைக்கிள் கரியரில் கட்டிக் கல்முனைக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றி வருகிற வேலை என் மாப்பிள்ளையின் தலையில் விழுந்தது. அவர் நெசவுக்காரர், அதிகம் கதைக்காத மனிதர். ரேடியோவில் அவருக்கு ஒரு பிரியமும் இருக்கவில்லை.

சனிக்கிழமை பின்னேரங்களில் ஒரு தொடர் நாடகம் போகும். பூமியை விட்டுப் புறப்பட்ட ஒரு வானக்கப்பல், அதில் போகிற சில மனிதர்கள், அவர்கள் தேடிப் போகிற தூரத்து நட்சத்திரம், இதுதான் கதை. அஸர் தொழுதுவிட்டு நாங்கள் மச்சியின் விறாந்தையில் கூடிவிடுவோம். மச்சி, நான், என் உம்மாவின் தங்கச்சியான சாச்சி, பக்கத்து வளவுப் பெண்கள் ஒன்றிரண்டு பேர். கையில் நூல் சுற்றுகிற வேலை இருக்கும். நாடகம் தொடங்கினால் கை நின்றுவிடும்.

அந்த நாடகத்தை எழுதியவரும் நடத்தியவரும் ஒருவர்தான். தொடங்கும்போதும் முடியும்போதும் அவரே வந்து இரண்டு வார்த்தை கதைப்பார். கொஞ்சம் கரகரத்த குரல், சொல்லின் கடைசியை மெல்ல விழுங்குகிற பேச்சு. வணக்கம் கிணக்கம் ஒன்றும் கிடையாது. நேரே விஷயத்துக்கு வருவார். எங்களுக்கென்று சொல்வது போலவே இருக்கும்.

கப்பலில் ஒரு பெண் டாக்டர் இருந்தாள். எங்கள் எல்லாருக்கும் உயிர் அவளில்தான். கப்டன் பயந்து நிற்கிற இடத்தில் அவள் முன்னுக்கு வருவாள். அவளுக்குக் குடும்பமில்லை, போட்டுக்கொள்ள நகையில்லை, திரும்பி வரப் பாதையுமில்லை. அவளைப் பற்றி நாங்கள் சொந்தக்காரியைப் பற்றிக் கதைப்பது போலக் கதைத்தோம்.

எனக்கு அப்போது முதல் பிள்ளை வயிற்றில். ஓரிடத்தில் இருக்க முடியாது. இருந்தால் நிற்க வேண்டும் போலிருக்கும், நின்றால் நடக்க வேண்டும் போலிருக்கும். கிணற்றடிக்கும் வேலிக்கும் நடந்துகொண்டே இருப்பேன். சனிக்கிழமை பின்னேரம் மட்டும்தான் என் கால் சும்மா கிடந்தது.

ஒரு கிழமை, கப்பலின் எஞ்சின் நின்றுபோனது. இருட்டின் நடுவில் அது அப்படியே மிதக்கிறது. உள்ளே மூச்சுக்காற்று குறைந்து வருகிறது. ஆராவது வெளியே போய்த் திருத்தினால்தான் தப்பலாம். ஒருவரும் அசையவில்லை. டாக்டர் எழுந்து வெளியே போகிற உடுப்பைப் போட்டுக்கொண்டு கதவடிக்குப் போகிறாள். அந்த நேரம் பார்த்துப் பற்றரி இறங்கத் தொடங்கியது. சத்தம் சின்னதாகிச் சின்னதாகிப் போனது. மச்சி பெட்டியில் காதை ஒட்டிக்கொண்டாள்.

"கதவு திறக்குது," என்றாள். பிறகு, "ஒண்டும் கேக்குதில்ல."

அந்தக் கிழமை முழுக்க நான் நடந்தேன்.

அடுத்த சனிக்கிழமைக்கு முன்னாலேயே பற்றரிக்குச் சார்ஜ் ஏற்றி வைத்திருந்தோம். நாடகம் தொடங்கியது. வந்தது வேறு குரல். பளபளப்பான, வழுவழுப்பான குரல், எங்களையெல்லாம் அன்பார்ந்த நேயர்களே என்றது. கப்பல் ஒரு பச்சைப் புல்வெளியில் இறங்கி நின்றது. எல்லாரும் இறங்கிப் பூப் பார்த்தார்கள். ஒருவர் பாட்டுப் படித்தார். டாக்டரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவள் செத்தாளா இருக்கிறாளா என்று கப்பலில் இருந்த ஒருவரும் கேட்கவுமில்லை.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.

"போன கிழமை பற்றரி செத்த பொறகுதான் எல்லாம் நடந்திருக்கு," என்றாள் மச்சி. "நம்ம கேக்காம உட்டுட்டம்."

தன் மாப்பிள்ளை பற்றரியைக் கவனிப்பதில்லை என்று அவரை ஏசிப் பேசினாள். பிறகு என் மாப்பிள்ளையைப் பேசினாள். பேசி முடித்து, அவரையே கல்முனைக்கு அனுப்பினாள். அங்கே சந்தையடித் தேத்தண்ணிக் கடையில் ரேடியோ நாள் முழுக்கப் பாடும். அன்றைக்கு என்ன நடந்ததென்று அங்கே கேட்டு வரச் சொன்னாள்.

அவர் போய்ப் பிளேன்டீ குடித்துக் கேட்டு வந்தார்.

"கதவு திறந்ததோட முடிஞ்சிதாம்," என்றார். "அவங்களும் அதத்தான் கதச்சிட்டு இருக்காங்க. ரெண்டு பேர் சண்ட புடிக்கிற அளவுக்கு வந்துட்டாங்க."

"என்னத்துக்குச் சண்ட?"

"அவ செத்துட்டா எண்டு ஒராள் சொல்றான். இல்லயெண்டு மத்தவன் சொல்றான்."

அதற்கும் அடுத்த கிழமைதான் விஷயம் வெளியே வந்தது. நாடகம் தொடங்குமுன் ஒரு பெண் அறிவிப்பாளர், முன்னர் இதை எழுதி நடத்தியவர் விலகிவிட்டார், இனி இன்னொருவர் தொடர்ந்து நடத்துவார் என்று சொன்னார். ஏன் விலகினார் என்று சொல்லவில்லை.

பிறகு கதைகள் கிளம்பின. மெட்ராசில் படக்காரர்கள் பெரிய சம்பளம் கொடுத்துக் கூட்டிப் போய்விட்டார்கள் என்று மச்சியின் மாப்பிள்ளை கொழும்பிலிருந்து ஒரு கதை கொண்டுவந்தார். அதிகாரியோடு சண்டை பிடித்தாராம் என்றது தேத்தண்ணிக் கடை. அல்லாஹ்வுடைய வானத்தில் மனிசன் கப்பல் விட்டால் இப்படித்தான் முடியும் என்றார் பக்கத்து வளவு மூத்த பெண் ஒருவர். ஆனால் அவரும் சனிக்கிழமை வரத் தவறவில்லை.

மச்சி மெட்ராஸ் கதையைப் பிடித்துக்கொண்டாள். நம்பி இருந்த ஆட்களை நட்ட நடுவில் விட்டுவிட்டுக் காசுக்குப் போன மனிதன் என்று அவளுக்குக் கோபம். ரேடியோவுக்கு ஒரு கடிதம் எழுத வைத்தாள். அவள் சொல்லச் சொல்ல எழுதியது நான்தான். பழைய ஆளைத் திருப்பிக் கொண்டுவாருங்கள், இல்லையென்றால் டாக்டர் எங்கேயென்று புது ஆள் சொல்ல வேண்டும் என்று எழுதினேன். பழைய ஆளுக்கும் நாலு வார்த்தை சூடாக எழுதச் சொன்னாள். அதையும் எழுதினேன். பதில் வரவில்லை.

சாச்சிக்குப் புது ஆளைப் பிடித்துப்போனது. "இவர் ஆறுதலாக் கதைக்கிறார். பாட்டும் போடுறார். நெஞ்சு பதறாமக் கேக்கலாம்," என்றாள் ஒருநாள்.

"பதறாமக் கேக்கிறதுக்கு உங்கட ஊட்டுல கோழி கொக்கரிக்கிறதக் கேளுங்க," என்றாள் மச்சி.

சாச்சி நூலைப் பெட்டியில் போட்டுக்கொண்டு எழுந்து போனாள். அதற்குப் பிறகு அவள் சனிக்கிழமை வரவில்லை. மச்சி ரேடியோவைத் திருகி நிறுத்தித் துணியால் மூடி வைத்தாள். பாதி தெருவுக்கு முகம் கொடுக்காமல் பாதி தெரு இருந்தது. இதற்கெல்லாம் காரணம் ஒரு நாடகம் என்று என் மாப்பிள்ளை சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சனிக்கிழமை பின்னேரமும் நான் நடக்கத் தொடங்கியிருந்தேன். மனதில் அந்தக் கதவு திறந்தபடியே கிடந்தது. என் சுகப்பிரசவத்தைப் பற்றி யோசிக்க வேண்டிய நேரத்தில், இல்லாத ஒரு பெண் இருட்டில் என்ன செய்கிறாளோ என்று யோசித்தேன். அதை ஒருவருக்கும் சொல்ல வெட்கமாக இருந்தது.

வயிறு நன்றாகப் பெருத்த பிறகு, காலில் வீக்கம் கண்டு, மச்சி என்னைக் கல்முனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மருந்து வாங்குகிற இடத்தில் நல்ல சனம். நாங்கள் முக்காட்டை இழுத்துவிட்டு ஒரு நீட்டு மர வாங்கில் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்குப் பின்னால் ஒரு ஆண், மருந்து கொடுக்கிற அப்போதிக்கரியிடம் ஏதோ கேட்டார்.

"இந்த மருந்து சாப்பாட்டுக்கு முதலோ, பிறகோ?"

மச்சி என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது. சொல்லின் கடைசியை விழுங்குகிற அந்தக் குரல். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தோம்.

மெலிந்த மனிதர். முகம் மழிக்காமல், வேட்டி கசங்கி, கண் உள்ளுக்குப் போயிருந்தார். அவருக்குப் பக்கத்து வாங்கில் ஒரு வயதான அம்மா சாய்ந்து கிடந்தார். ஒரு பக்கத்துக் கை அசையாமல் மடியில் கிடந்தது.

ஆண்பிள்ளைகளோடு தெருவில் நின்று கதைக்கிறவள் இல்லை மச்சி. அன்றைக்கு எழுந்து அவருக்கு முன்னால் போய் நின்றாள்.

"நீங்கதானே ரேடியோவில கப்பல் நாடகம் நடத்தினீங்க?"

அவர் திகைத்துப் போனார். "ஓம் தங்கச்சி. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"குரலக் கேட்டா தெரியாதா? நீங்க மெட்ராசுக்குப் போகல்லயா?"

"மெட்ராசுக்கா? நான் இங்க பக்கத்துப் பாண்டிருப்பு ஆள். அம்மாக்கு இப்படி ஆயிட்டுதெண்டு தந்தி வந்தது. உடனே வந்திட்டன். அடுத்த கிழமை வாறன் எண்டு அங்க சொன்னன்." அம்மாவைப் பார்த்தார். "போக முடியல்ல. வேற ஆள் இல்ல பாக்க."

மச்சி இவ்வளவு நாளும் சேர்த்து வைத்திருந்த கோபம் எங்கே போவதென்று தெரியாமல் அவள் வாயில் நின்றதைக் கண்டேன். கேட்க வேண்டியதை நான் கேட்டேன்.

"அந்த டாக்டர் என்ன ஆனா? வெளிய போனவ?"

"தெரியாது," என்றார்.

"நீங்கதானே எழுதினீங்க."

"ஓம். கதவத் திறக்கிற வரைக்கும் எழுதினன். அடுத்த கிழமைக்கு உள்ளத அடுத்த கிழமைதான் யோசிப்பன். அப்படியே பழகிட்டன்."

"அப்ப அவ இன்னும் வெளியதான் நிக்கிறாவா?" என்றாள் மச்சி.

அவர் குனிந்து அம்மாவின் சேலையைச் சரிசெய்தார். "அம்மாக்குப் பக்கத்தில இருக்கக்குள்ள எனக்கும் அந்த நினைப்புத்தான் வரும். என்ன செய்யலாம் எண்டு பாக்கிறன். ஒண்டும் வருகுதில்ல," என்றார்.

அம்மா மெதுவாக, "ஆரு மனே அது?" என்று கேட்டார்.

"தெரிஞ்ச ஆக்கள் அம்மா," என்றார் அவர்.

வீட்டுக்கு வந்ததும் மச்சி நேரே சாச்சி வீட்டுக்குப் போனாள். என்ன சொன்னாளோ தெரியாது. அடுத்த சனிக்கிழமை ரேடியோவின் துணியை எடுத்தபோது சாச்சி எங்களோடு இருந்தாள்.

அதற்குப் பிறகு மச்சி, படுக்கையில் கிடப்பவர்களுக்கு உடம்பில் உறுத்தாத மெல்லிய கைத்தறித் துணியில் இரண்டு விரிப்பை எடுத்து, என் மாப்பிள்ளையிடம் கொடுத்துப் பாண்டிருப்புக்கு அனுப்பினாள். அவர் சைக்கிளில் போய்க் கொடுத்துவிட்டு வந்து சொன்னார்:

"கப்பல் இப்ப எங்க நிக்குது எண்டு கேட்டார். அவர்ர ஊட்டுல ரேடியோ இல்லயாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்கென்ன தெரியும்? நான் எங்க கேட்டன்?"

மச்சி அவரைப் பார்த்த பார்வையில் அவர் அடுத்த சனிக்கிழமை விறாந்தையின் ஓரத்தில் வந்து இருந்தார். ஞாயிற்றுக்கிழமை போய்க் கதையைச் சொல்லிவிட்டு வந்தார். அதற்கு அடுத்த கிழமையும். பெண்களோடு இருந்து நாடகம் கேட்கிறான் என்று தறிக்கொட்டிலில் பகிடி பண்ணினார்கள். அவர் கணக்கெடுக்கவில்லை. நாடகம் போகும்போது நாங்கள் கதைத்தால், "கொஞ்சம் வாய மூடுங்களன், எனக்குச் சொல்லணும்," என்பார்.

புது ஆள் மாதக்கணக்கில் டாக்டரைத் தொடவேயில்லை. பிறகு ஒருநாள், கப்பலின் கம்பியில்லாத் தந்திக் கருவியில் தூரத்திலிருந்து ஒரு பெண் குரல் வந்தது. டாக்டரின் குரல். எங்கள் கடிதம் வேலை செய்ததா, எத்தனை ஊரிலிருந்து எத்தனை பேர் எழுதினார்களோ, தெரியாது. சாச்சி அழுதாள். மச்சி, "இவனுக்கு இப்பதான் புத்தி வந்திருக்கு," என்றாள்.

என் மாப்பிள்ளை அந்தச் செய்தியோடு பாண்டிருப்புக்கு ஓடினார். திரும்பி வந்து சொன்னார்: "நான் எண்டால் அப்படிச் செஞ்சிருக்க மாட்டன் எண்டார். பொறகு, நல்லம், அவ உசிரோட இருக்கிறது நல்லம் எண்டார். அம்மாவுக்கும் சொன்னார். அந்த மனிசிக்கு விளங்கினமாதிரி இல்ல."

எனக்குப் பெண்பிள்ளை பிறந்தது. பிள்ளை பெற்ற நாற்பது நாளுக்குள் நான் அறையை விட்டு வெளியே வராமல் கிடந்த நாட்களில், பாண்டிருப்பு அம்மா மௌத்தான செய்தி வந்தது. என் மாப்பிள்ளை அடக்கத்துக்குப் போய் வந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போலச் சைக்கிளை எடுத்தார். அந்த வீடு பூட்டிக் கிடந்ததாம். திருகோணமலையில் வாழ்க்கைப்பட்ட தங்கச்சியோடு நாடகம் எழுதியவர் அங்கே போய்விட்டார் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். ரேடியோவுக்கு அவர் திரும்பிப் போகவில்லை. போயிருந்தால் குரலில் கண்டுபிடித்திருப்போம்.

அன்று திரும்பி வந்த என் மாப்பிள்ளை சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு அறை வாசலில் வந்து நின்றார். முற்றத்துக்குப் போனார், திரும்ப வந்தார். முந்தின நாள் மச்சி வீட்டு ரேடியோவில் சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தார்கள். நானும் வேலிக்கு இந்தப் பக்கம் அறைக்குள் படுத்தபடி முழுதாகக் கேட்டிருந்தேன். அது அவருக்கும் தெரியும்.

"நேத்து என்ன நடந்திச்சி தெரியுமா?" என்று கேட்டார்.

"சொல்லுங்க," என்றேன்.

வாசற்படியில் இருந்தார். எஞ்சின் சத்தத்திலிருந்து தொடங்கிச் சொன்னார். கப்டனுக்கு ஒரு குரல், டாக்டருக்கு ஒரு குரல். என் மாப்பிள்ளை இப்படியெல்லாம் கதைப்பார் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. பிள்ளை அழத் தொடங்கியது. நான் அதைத் தோளில் போட்டுக்கொண்டு அறைக்குள் அங்குமிங்கும் நடந்தேன். அவர் நிறுத்தவில்லை.