கேட்காமல் எழுதிய கல்வெட்டு

குகதாசன் காலமான செய்தி வந்தபோது நான் நாவலப்பிட்டியில் அக்கா வீட்டில் இருந்தேன். அவருடைய மனைவி சரோஜாதான் தொலைபேசியில் பேசினார். “ரீச்சர், அவர் காலமை மோசம் போயிட்டார். நெஞ்சு நோகுது எண்டார், அவ்வளவுதான்” என்றார். பள்ளிக்கூடத்தில் படிப்பித்ததால் எல்லோருக்கும் நான் ரீச்சர். அக்காவிடம் சொல்லிக்கொண்டு கண்டி பஸ்ஸைப் பிடித்தேன். கம்பளை தாண்டும்வரை எனக்கு அழுகை வரவில்லை. பிறகு வந்தது, பக்கத்தில் இருந்த பெண் தன் பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்துக் கொடுக்கும் அளவுக்கு.

இதை வாசிக்கிற உங்களில் சிலர் அவரை நில அளவை அலுவலகத்துப் படவரைஞராக அறிவீர்கள். சிலருக்கு அவர் இரண்டு சிறுகதைத் தொகுதிகளின் ஆசிரியர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கண்டியில் குடியேறிய பல குடும்பங்களுக்கு அவர் கல்வெட்டு எழுதுகிறவர். முப்பத்தோராம் நாளில் தேவாரங்களோடு அச்சிட்டுக் கொடுக்கிறோமே, அந்தச் சிறு புத்தகத்தில் இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பை அவர்தான் எழுதுவார். எழுதுகிறவர்களிலேயே அதைக் கேலி செய்தவர்கள் உண்டு. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன்.

சனிக்கிழமைகளில் மார்க்கெட்டுக்குப் பின்னாலுள்ள தேநீர்க்கடையில் நானும் அவரும் சந்திப்போம். ஏறக்குறைய ஒரே வயதுக்காரர்கள், ஒரே காலத்தில் எழுதத் தொடங்கியவர்கள். எட்டு வருடத்துக்கு முன் எனக்கு எழுத்து நின்றுபோனது. காரணம் எதுவும் இல்லை. வீட்டில் சாவில்லை, நோயில்லை. மேசையில் உட்காருவேன், ஒரு வரி எழுதுவேன், அது வேறு யாரோ எழுதியதுபோல் இருக்கும், கிழிப்பேன். அவரிடம் புலம்பாத சனிக்கிழமை இல்லை. ஒருநாள் அவர் சொன்னார்: “வராட்டி விடுங்கோ ரீச்சர். எங்களிட்டச் சொல்லக் கதையில்லாத நேரம் மற்ற ஆக்களிட்டக் கேக்கிற நேரம்.” ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அது அவர் வேலை செய்யும் முறை என்று எனக்கு விளங்க வருடக்கணக்காயிற்று.

ஒருமுறை என்னைத் தன்னோடு ஒரு சாவீட்டுக்குக் கூட்டிப்போனார். கடை வைத்திருந்த ஒருவர் இறந்திருந்தார். குகதாசன் மூன்று மணித்தியாலம் கதிரையை விட்டு எழும்பவில்லை. பிறந்த திகதியைக் கடைசியில்தான் கேட்டார். அதற்கு முன் கேட்டதெல்லாம், இறந்தவர் எந்தச் சத்தத்துக்கு எரிச்சல்படுவார், யாரோடு பேசாமல் இருந்தார், பஸ்ஸில் எந்தப் பக்கம் இருப்பார் என்பவை. பிள்ளைகள் முதலில் முழித்தார்கள். பிறகு ஒருவரையொருவர் மறித்துப் பேசத் தொடங்கினார்கள், சிரிக்கவும் செய்தார்கள். அந்தக் கல்வெட்டில் பத்து வரிகூட இல்லை. ஆனால் அது அந்த மனிதருக்கு மட்டுமே பொருந்தும். அடுத்த ஆண்டு வந்த அவருடைய கதைகளில் இரண்டு அப்படிப்பட்ட வீடுகளிலிருந்து வந்தவை.

இனி நான் சொல்லப்போவது அவரைப் பற்றி உங்களில் பலர் தவறாக அறிந்திருக்கும் ஒன்று.

ஐந்து வருடத்துக்கு முன், எனக்குப் பழக்கமில்லாத அன்னலட்சுமி அம்மா என்பவர் காலமானபோது குகதாசன் தம்பியின் சத்திரசிகிச்சைக்காக யாழ்ப்பாணம் போகவேண்டியிருந்தது. அந்தக் கல்வெட்டை என்னிடம் ஒப்படைத்தார். “வீட்டை போய் இருந்து கேளுங்கோ. மகள் தேவகி எல்லாம் சொல்லுவா” என்றார். நான் போகவில்லை. மழை என்று எனக்கே சாக்குச் சொல்லிக்கொண்டேன். உண்மையில், துக்கத்தில் இருப்பவர்கள் முன்னால் வெறுங்கையோடு உட்காரப் பயமாக இருந்தது. பெயர்களும் திகதிகளும் அச்சகத்தில் இருந்தன. அவற்றை வாங்கி வந்து மேசையில் உட்கார்ந்தேன். மூன்று வருடமாக அசையாத பேனா அன்றைக்கு ஓடியது. ஒரு மணி நேரத்தில் இரண்டு பக்கம். எனக்கு எழுத்து திரும்பிவிட்டது என்று தலைகால் புரியாத சந்தோஷம். தேவகி இருந்த நிலையில் அச்சுப்படியைப் பார்க்கவில்லை.

முப்பத்தோராம் நாள் மதியம், மண்டபத்தில், தேவகி எழுந்து அதை வாசித்தார். ‘வந்தாரை வாசலில் நின்று வரவேற்று, தன் கையால் சமைத்துப் பரிமாறி மகிழ்ந்தவர்’ என்ற இடத்தில் குரல் நின்றது. புத்தகத்தை மூடிக் கதிரையில் வைத்துவிட்டார். அன்னலட்சுமி அம்மா இருபத்திரண்டு வருடம் பாரிசவாதத்தில் படுத்த படுக்கையாக இருந்தவர். கரண்டி பிடிக்கவும் அவருக்குக் கை வராது. ஊட்டிவிட்டது இந்த மகள்தான். வந்திருந்த உறவினர் ஒருவர், “இது ஆருடைய கல்வெட்டு?” என்று கேட்டார்.

யாழ்ப்பாணத்திலிருந்து முதல்நாள்தான் திரும்பியிருந்த குகதாசன் என் பக்கத்திலிருந்து எழுந்தார். “பிழை என்ர. நான்தான் எழுதினது” என்றார். நான் குனிந்து மடியிலிருந்த புத்தகத்தைப் பார்த்தேன்.

குட்செட் பஸ் நிலையம் வரைக்கும் சேர்ந்து நடந்தோம். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கியபோது அவர் வேறெதையோ யோசித்துக்கொண்டு வந்தார். “இருபத்திரண்டு வருசம் அந்த மனுசி முகட்டைப் பாத்துக்கொண்டு என்ன நினைச்சிருப்பா? அதைக் கேக்காமல் விட்டிட்டமே” என்றார். ‘விட்டிட்டீங்களே’ என்று சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

அதற்குப் பிறகு எந்த வீட்டிலிருந்தும் அவரைக் கூப்பிடவில்லை. கண்டியில் நம்மவர்களிடையே செய்தி பரவ எவ்வளவு நேரம் வேண்டும்? வீடுகள் நின்றன, கதைகளும் நின்றன. மூன்றாவது தொகுதி வரவேயில்லை. கேட்டால், “ஒண்டும் வரேல்லை ரீச்சர், உங்கட வருத்தம் எனக்கும் தொத்திட்டுது” என்று சிரிப்பார். நானும் சேர்ந்து சிரித்தேன். அவர் எதிலிருந்து எழுதினாரோ அதை அடைத்தவள் நான் என்று தெரிந்தும், ஐந்து வருடம் சனிக்கிழமை தவறாமல் அவருக்கு எதிரே உட்கார்ந்து தேநீர் குடித்தேன்.

அவர் காலமான அடுத்த கிழமை சரோஜா அவருடைய கல்வெட்டை என்னை எழுதச் சொன்னார். உடனே சரோஜா முன்னால் உட்கார்ந்து கேட்க என்னால் முடியவில்லை. முதலில் தேவகியிடம் போனேன். அந்தப் பக்கங்களை எழுதியது நான் என்று சொன்னேன். அவர் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை.

“எனக்கு அண்டைக்கே தெரியும். அவர் எங்கட வீட்டுக்கு வரேல்லையே. வந்து கேக்காமல் அவர் எழுதமாட்டார்” என்றார்.

பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொல்லத்தான் வாயெடுத்தனான். அவர் உங்களைக் காட்டி, வேண்டாம் எண்டு தலையாட்டினார். நீங்கள் குனிஞ்சுகொண்டு இருந்தனீங்கள்.”

பிறகு தேவகி தன் தாயைப் பற்றி நிறையச் சொன்னார். சரோஜாவின் சம்மதத்தோடு குகதாசனின் கல்வெட்டின் கடைசிப் பக்கத்தில் அன்னலட்சுமி அம்மாவைப் பற்றிய குறிப்பு, திருத்தி எழுதப்பட்டு, என் பெயரோடு இருக்கிறது. ஒருவரின் கல்வெட்டில் இன்னொருவர் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

இதனால் எனக்கு எழுத்து திரும்பிவிட்டது என்று நினைக்கவேண்டாம். திரும்பவில்லை. இந்தப் பக்கங்களுக்கே ஒன்பது நாள் ஆயிற்று. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது, பேனா தடையில்லாமல் ஓடும்போது வருகிற பயம். அது வந்ததும் எழுந்து போய் யாரையாவது கேட்கிறேன். அவரைக் கேட்டிருக்க வேண்டியவை நிறைய இருந்தன. இருபது வருடத்துச் சனிக்கிழமைகள் முழுக்க நான் என்னைப் பற்றியே பேசியிருக்கிறேன். கல்வெட்டிலுள்ள அவருடைய வாழ்க்கைக் குறிப்பின் ஒவ்வொரு வரியும் சரோஜா சொன்னது.